காசோலை கைமாறும்வரை இராஜினாமாக் கடிதம் வேண்டாம்

வீட்டுக் கடன்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பயத்தைச் சுற்றியே இருக்கின்றன. வேலை மாறினால் லோன் தருவார்களா? ஒப்பந்த வேலையில் இருப்பவரை வங்கி ஏறெடுத்துப் பார்க்குமா? கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. தெமட்டகொடையில் ஒரு மென்பொருள் கொம்பனியில் நாலு வருஷம் ஏழு மாதமாக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 185,000, படிகள் 40,000. மனைவி அரச பாடசாலை ஆசிரியை. தெஹிவளையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு ஒன்றை 2 கோடி 40 இலட்சத்துக்குப் பேசி, பத்து சதவீதம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். பாதிக் காசு கோண்டாவிலில் அப்பா காணி விற்றுத் தந்தது. மீதி 1 கோடி 20 இலட்சத்துக்கு வங்கி கொள்கையளவில் அனுமதி தந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து இன்னொரு கொம்பனி 260,000 தருகிறேன் என்கிறது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அடுத்த முதலாம் திகதியே வரச் சொல்கிறார்கள். போகலாமா? வங்கிக்குச் சொல்லாமல் விட்டால் என்ன?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் அடுத்த முதலாம் திகதி போகாதீர்கள். வங்கிக்குச் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் கடிதம் என்ன சொல்கிறது என்று முதலில் வடிவாக வாசியுங்கள். கொள்கையளவில் அனுமதி என்றால், இன்றைய வருமானத்தையும், பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் கடன் தகவல் பணியகத்தின் கிரிப் ரிப்போர்ட்டையும் பார்த்து வங்கி தலையசைத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்க வேண்டும், சட்டத்தரணி உறுதிகளைப் பின்னோக்கித் தேட வேண்டும், வீட்டை வங்கிக்கு ஈடு வைக்கும் பத்திரமான ஈட்டு முறியில் நொத்தாரிசு முன்னால் கையொப்பம் வைக்க வேண்டும். விற்பவரின் பெயரில் காசோலை எழுதப்படுவது இவை எல்லாம் முடிந்த பிறகுதான். இடையில் உங்கள் வருமானத்திலோ வேலையிலோ மாற்றம் வந்தால் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனை அந்தக் கடிதத்தின் பின்பகுதியில் பெரும்பாலும் இருக்கும்.

கடைசி நாளில் உள்ளே நடப்பதைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். கையொப்பத்துக்குத் திகதி குறித்ததும் கோப்பு மறுபடி கடன் அதிகாரியின் மேசைக்கு வரும். முதல் பக்கத்தில் செருகியிருக்கும் சரிபார்ப்புத் தாளில் அவர் பேனாவால் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டுக்கொண்டு போவார்: மதிப்பீட்டு அறிக்கை, வீதி எல்லைச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு, தீக் காப்புறுதி, உங்கள் ஆயுள் காப்புறுதி. அப்புறம் தொலைபேசியை எடுப்பார். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய இலக்கத்துக்கு அழைக்க மாட்டார். கொம்பனியின் பொது இலக்கத்தைத் தானே தேடி எடுத்து, மனிதவளப் பிரிவைக் கேட்பார். ‘இன்னார் இப்போதும் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா? விலகல் கடிதம் ஏதும் கொடுத்திருக்கிறாரா?’ இரண்டே கேள்விகள். எங்கள் பிரிவில் அந்த அழைப்பு எடுக்காமல் ஒரு காசோலையும் வெளியே போனதில்லை. மறுமுனையில் ‘அவர் போன வாரம் கடிதம் கொடுத்துவிட்டார்’ என்ற பதில் வந்தால் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிடுவார். கீழே கையொப்பம் வைக்க வந்து காத்திருக்கும் குடும்பத்திடம் போய் அதைச் சொல்வது எங்களுக்கும் மிகக் கஷ்டமான வேலை.

அப்படி நின்றுபோனால் உங்கள் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விற்பனை உடன்படிக்கையில் ஒரு கெடு இருக்கும். கெடுவுக்குள் மீதிக் காசு வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அநேகமாக எழுதியிருக்கும். உங்கள் கணக்கில் அது 24 இலட்சம். அப்பா காணி விற்ற காசு, தம்பி.

தகுதிகாண் காலத்தை வங்கி ஏன் இவ்வளவு பார்க்கிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் கொம்பனி அதிகம் காரணம் சொல்லாமலே உங்களை அனுப்பிவிடலாம். வங்கி கொடுப்பதோ 20 வருஷக் கடன். பெரும்பாலான வங்கிகள் வேலை நிரந்தரமாக்கப்பட்ட கடிதத்தைக் கேட்பதற்கு அதுதான் காரணம். உங்கள் திறமையை யாரும் குறைத்துப் பார்க்கவில்லை.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றுக்கு வருகிறேன். நாலு வருஷம் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் பூர்த்தியானவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஐந்துக்கு ஒரு மாதம் குறைந்தாலும் சட்டப்படி ஒன்றும் இல்லை. உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் அது 462,500 ரூபா. இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. விலகல் அறிவித்தல் காலமும் சேவைக் காலத்தில் சேரும் என்பதால், கடிதம் கொடுக்க அதை விடக் குறைவான காலமே காத்திருந்தால் போதும். உறுதி எழுதும் செலவையும் முத்திரை வரியையும் நினைத்தால் அந்தக் காசு எவ்வளவு உதவும் என்று தெரியும். காணி, வீடு கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் முத்திரை வரி போகிறது.

அடுத்தது அந்த 260,000. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டீர்களா? நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதப் பிரதியில் 120,000 என்று இருக்கிறது; மற்றதெல்லாம் எரிபொருள், தொலைபேசி, ‘செயற்றிறன்’ என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.புக்கு வேலை கொடுப்பவர் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்.புக்கு 3 சதவீதம் கட்டுகிறார். இப்போது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் உங்களுக்காக மாதம் 27,750 ரூபா போகிறது. அங்கே 18,000தான் போகும். 35,000 கூடுகிறது என்று நீங்கள் பார்க்கும் இடத்தில் 9,750 மறைவாகக் குறைகிறது. வங்கியும் இதே கண்ணோடுதான் பார்க்கும். எரிபொருள் படியைப் பல வங்கிகள் வருமானமாக எடுப்பதில்லை. செயற்றிறன் கொடுப்பனவு மாதாமாதம் ஒரே தொகையாக வருகிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்கும். ஆகவே சேரும் முன்பே அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கதையுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு இதைக் கதைக்க முடியாது.

சரி, என்ன செய்வது? புதிய கொம்பனியிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘வீட்டு லோன் ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று மாதம் கழித்துச் சேர்கிறேன்.’ உங்களை உண்மையாகவே வேண்டும் என்றால் காத்திருப்பார்கள். கூடுதலாகக் காத்திருக்கச் சம்மதித்தால் பணிக்கொடையும் கைக்கு வரும். காத்திருக்கவே மாட்டோம் என்றால், தகுதிகாண் காலம் இல்லாமல் முதல் நாளிலிருந்தே நிரந்தரம் என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுபவசாலிகளுக்கு இதைச் செய்யும் கொம்பனிகள் கொழும்பில் இருக்கின்றன. அந்தக் கடிதத்தோடு வங்கி மனேஜரிடம் நீங்களே போய், பழைய சம்பளத்தின் மேலேயே கடனைக் கணக்கிடும்படி கேளுங்கள். மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேருங்கள். அரச ஆசிரியையின் சம்பளம் சிறியதாக இருந்தாலும் அந்தச் சம்பளச் சீட்டுக்கு வங்கியில் தனி மதிப்பு உண்டு. இது எதுவுமே சரிவரவில்லை என்றால், அந்தப் புதிய வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பிடியுங்கள். உங்கள் துறையில் இன்னொரு வேலை வரும். கொடுத்த 24 இலட்சம் திரும்பி வராது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1 கோடி 20 இலட்சத்துக்கு 20 வருஷத்தில், 12 சதவீத வட்டியில் மாதத் தவணை 132,000 ரூபா சொச்சம் வரும். 15 சதவீதமானால் 158,000. உங்கள் கடிதத்தில் வட்டி ‘ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். கூட்டல்’ என்று இருந்தால் அது மாறும் வட்டி. வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டிதான் இந்த ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. அந்த வருஷ முடிவில் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். 27 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே உங்கள் தவணை இரண்டரை இலட்சம். அந்த வருஷம் தவணை அறிவித்தலை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து நின்ற முகங்களை நான் மறக்கவில்லை. அவர்களில் பலர் நல்ல சம்பளக்காரர்கள், வேலையை ஒரு நாளும் விடாதவர்கள். முதல் ஐந்து வருஷத்துக்காவது நிலையான வட்டி தருவார்களா என்று கேளுங்கள். ஒன்று, ஒன்றரை சதவீதம் கூட என்றாலும் எடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கேள்வி: அக்கா, நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வாளர். ஆறு வருஷமாக அதே மேசை, அதே வேலை. ஆனால் ஒப்பந்தம் ஒவ்வொரு ஜனவரியும் புதிதாக எழுதுவார்கள், டிசம்பரில் முடியும். நிதி வரப் பிந்தியதால் போன ஜனவரி ஒரு மாதம் சம்பளம் இல்லை. மாதம் 210,000, அதில் 5 சதவீதம் பிடித்துக்கொண்டு 199,500 கணக்குக்கு வரும். ஈ.பி.எஃப். இல்லை. வத்தளையில் சிறிய வீடொன்றுக்கு 65 இலட்சம் லோன் கேட்டு ஒக்டோபரில் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, ‘நிரந்தர வேலை இல்லாவிட்டால் ஏலாது’ என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார். எனக்கு 38 வயது, தனியாள். இனி வழியே இல்லையா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, வழி இருக்கிறது. உங்களை அனுப்பியவர் சம்பளக்காரர்களுக்கான படிவத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். நீங்கள் போன மாதமும் பொருந்தாத மாதம். ஒக்டோபரில் உங்கள் ஒப்பந்தத்தில் மிஞ்சியிருப்பது இரண்டு மாதம். அந்தக் காகிதத்தைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் டிசம்பருக்குப் பிறகு உங்கள் வருமானம் பூச்சியம். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. புதிய ஒப்பந்தம் கைக்கு வந்ததும், பெப்ரவரி சம்பளமும் கணக்கில் விழுந்த பிறகு போங்கள்.

போகும்போது, ‘என்னைச் சுயதொழில் செய்பவராக, தொழில்வாண்மையாளராக எடுத்துப் பாருங்கள்’ என்று கேளுங்கள். பல வங்கிகளில் அதற்கு வேறு படிவம், வேறு கணக்கு. நிரந்தரக் கடிதத்துக்குப் பதிலாக அங்கே அவர்கள் பார்ப்பது இரண்டு, மூன்று வருஷ வருமானத்தின் தடயம். அதில் உங்கள் கை மோசமில்லை. ஆறு ஒப்பந்தங்களையும் வருஷ வரிசையில் அடுக்குங்கள். ‘இவர் 2019 முதல்’ என்றோ எந்த வருஷமோ அதைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாக நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் எடுங்கள். இந்தக் கடிதம் தங்கம். ‘அடுத்த வருஷமும் புதுப்பிப்போம்’ என்று அவர்களால் எழுதித் தர முடியாது, கேட்டுச் சங்கடப்படவும் வேண்டாம். நடந்ததை எழுதித் தந்தாலே போதும்.

அப்புறம் வரிக் கோப்பு. உங்களிடம் பிடிக்கும் அந்த 5 சதவீதம் நிறுத்திவைத்தல் வரி. மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் பெறும் ஆய்வாளர், விரிவுரையாளர், பொறியியலாளர் போன்றவர்களிடம் 2023 ஜனவரியிலிருந்து அது பிடிக்கப்படுகிறது. மாதம் 10,500 ரூபா உங்கள் பெயரில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறது. பிடித்ததற்கான சான்றிதழை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 30க்கு முன்னர் வரி அறிக்கை கொடுங்கள். பிடித்த தொகை உங்கள் வரியில் கழியும். அதை விடப் பெரிய நன்மை, அரச முத்திரையோடு உங்கள் வருமானத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒழுங்கான வரி அறிக்கைகளைக் கொண்டுவந்து வைத்தால் கடன் அதிகாரியின் முகமே மாறும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போன ஜனவரியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அது பாதிக்கத்தான் செய்யும், எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கி 12 மாதச் சராசரியை எடுக்கும். ஒரு மாதம் காசு வராவிட்டால் உங்கள் 199,500 அவர்களுடைய தாளில் 182,875 ஆகிவிடும். தவணைக்காக அதில் பாதிக்குக் கிட்டத்தான் விடுவார்கள். வேறு கடன், கிரெடிட் கார்ட், லீஸிங் இருந்தால் அதையும் கழிப்பார்கள். எப்படியும் 65 இலட்சம் எட்டாத தொகை இல்லை. ஆனால் இனி வரும் ஜனவரிகளுக்காக இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு தனிச் சேமிப்பில் வையுங்கள். சம்பளம் வரும் அதே வங்கியில் வைத்தால் அவர்கள் கண்ணிலும் படும்.

சம்பளம் வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கணக்கு அறிக்கையில் 25ஆம் திகதி 199,500 வரவு, 26ஆம் திகதி 199,000 செலவு என்று வரிசையாக இருந்தால், இந்தப் பெண்ணால் மாதம் 80,000 தவணை கட்ட முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். மின்சாரம், வாடகை, சீட்டுக் காசு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே போகட்டும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. வங்கிகளும் அதற்குள் கடனை முடிக்கப் பார்க்கும். உங்களுக்கு 22 வருஷம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு 15 வருஷத்துக்கு மேல் தரத் தயங்குவார்கள். உங்கள் பங்குக் காசை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்கள். பாதிக்குப் பாதி போட்டு வருபவரிடம் நிரந்தரக் கடிதத்தைப் பற்றிக் கேட்கும் குரல் நன்றாகவே தணிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆறு வருஷமாகக் காலை எட்டரைக்கு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போய், அவர்களுடைய கணினியில், அவர்கள் சொல்லும் வேலையைச் செய்து, லீவு வேண்டுமானால் படிவம் நிரப்பிக் கேட்கிறீர்கள். காகிதத்தில் ‘ஆலோசகர்’ என்று எழுதிவிட்டால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஈ.பி.எஃப். சட்டம் தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தும். மிகச் சிறிய தர்ம நிறுவனங்கள் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. வேலை கொடுப்பவர் பங்கும் ஈ.டி.எஃப்.பும் சேர்ந்தால் உங்கள் சம்பளத்துக்கு மாதம் 31,500 ரூபா. ஆறு வருஷத்துக்கு அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். முதலில் நிதிப் பொறுப்பாளரோடு அமைதியாகக் கதையுங்கள், அடுத்த ஒப்பந்தத்திலாவது சரிசெய்யச் சொல்லுங்கள். நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்தில் முறைப்பாடும் செய்யலாம். வேலையை விட்ட பின்னரும் செய்யலாம். லோன் கைக்கு வரும்வரை அந்தப் படியை ஏற வேண்டாம் என்பது என் யோசனை. அதற்காக அதை மறந்தும் விடாதீர்கள்.

கேள்வி: 12 வருஷத்தில் நாலு கொம்பனி மாறிவிட்டேன். ஈ.பி.எஃப். காசைக் காட்டி வீட்டு லோன் எடுக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு கொம்பனியிலும் வேறு வேறு உறுப்பினர் இலக்கம். காசு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்குமா?
— வாசகர், வத்தளை

பதில்: எல்லாம் உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கீழ்தான் வர வேண்டும். ஆனால் வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு கொம்பனி பழைய ஒன்பது இலக்கமும் ‘வி’யும் கொடுத்திருக்கும், இன்னொன்று புதிய பன்னிரண்டு இலக்கத்தைக் கொடுத்திருக்கும். பெயரில் முதலெழுத்துகள் முன்பின்னாக இருக்கும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் குழப்பம் உங்களுக்குத் தெரியாததா? நாலு இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு போய், பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். அவசரம் வந்த பிறகு அந்தக் கொம்பனி இருக்குமோ தெரியாது.

உங்கள் மீதியில் 75 சதவீதம் வரை பிணையாக வைத்து, அனுமதி பெற்ற வங்கிகளில் வீட்டுக் கடன் எடுக்கலாம். அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்ற அரச வங்கிகளில் கேளுங்கள். இதில் வேலை மாறியது பெரிய தடையில்லை, ஏனென்றால் பிணை உங்கள் சொந்தக் காசு. தவணை கட்டத் தவறினால் அதிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பத்து வருஷப் பங்களிப்பும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால் 30 சதவீதத்தை வீட்டுத் தேவைக்கு வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் தனியார் ஊழியர் பலருக்கு ஓய்வுக் காலத்துக்கென்று இருக்கும் பெரிய காசு இதுதான். வேறு வழி எல்லாம் பார்த்த பிறகே இதில் கை வையுங்கள்.

கேள்வி: கணவர் கட்டாரில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறார். ஹெந்தளையில் வீடு கட்ட லோன் தருவார்களா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: தருவார்கள், காசு வங்கி வழியாக வந்திருந்தால். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், எத்தனை இலட்சம் வந்திருந்தாலும் வங்கிக்கு அது வராத காசு. இந்த மாதத்திலிருந்தே முழுவதையும் ஒரே கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வருஷம் அப்படி வந்த பிறகு ஒப்பந்தம், விசா, அங்கத்தைய சம்பளச் சீட்டுகளோடு போங்கள். கணவர் வர முடியாவிட்டால், அவருக்காக நீங்கள் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் உங்கள் பெயரில் வேண்டும். அதில் ‘ஈடு வைக்க, கடன் முறியில் கையொப்பமிட’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்; பொதுவாக எழுதிய தத்துவத்தை வங்கிச் சட்டத்தரணி ஏற்காமல் திருப்புவார். கணவர் லீவில் வரும்போதே நொத்தாரிசிடம் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கேள்வி: 2021இல் வீட்டு லோன் எடுத்தேன். போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சேமிப்பில் இரண்டு தவணைக்குத்தான் காசு இருக்கிறது. வங்கிக்கு இப்போதே சொன்னால் வீட்டைப் பிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், கிருலப்பனை

பதில்: இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் தம்பி, முதல் தவணை தவறும் முன்பே. கிளையின் கவுண்டரில் நின்று சொல்லாதீர்கள், மனேஜரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து சொல்லுங்கள். எழுத்திலும் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தவணை ஒழுங்காகக் கட்டி வந்தவர் முன்கூட்டி வந்து கேட்டால், ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டவோ காலத்தை நீட்டவோ ஒழுங்கு செய்ய மனேஜருக்கு இடம் இருக்கும். மூன்று மாதம் தவறிய பிறகு கோப்பு அவர் கையை விட்டுக் கடன் அறவிடும் பிரிவுக்குப் போகும். தவறிய தவணைகள் கிரிப்பிலும் பதிந்துவிடும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிக்கு நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம் விடும் அதிகாரம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்கு நடுவில் பல கடிதங்கள், பல மாதங்கள் இருக்கின்றன.

கையில் இருக்கும் இரண்டு தவணைக் காசை அப்படியே கட்டிவிடாமல், புதிய ஒழுங்கு எழுத்தில் வரும்வரை ஒன்றை மட்டும் கட்டுங்கள். ஆயுள் காப்புறுதிக் கட்டணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இதற்கிடையில் மூன்று மாத ஒப்பந்தம் ஒன்று கிடைத்தாலும் எடுங்கள், அந்தக் கடிதத்தின் பிரதியை அன்றே மனேஜருக்கு அனுப்புங்கள்.